வெள்ள நிவாரணத்துக்கு ஓபரா இரவு: உங்கள் டிக்கெட் பணம் எங்கே போகிறது?

பேரிடர் நடந்த சில வாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு வகை போஸ்டர்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று பொருள் கேட்கும்: அரிசி, பால்மாவு, பெம்பர்ஸ், மெத்தை. இன்னொன்று டிக்கெட் விற்கும்: நிதி திரட்டும் கலை இரவு, நட்சத்திர விருந்து, சில சமயம் ஓபரா கச்சேரி.

முதல் போஸ்டர் யாருக்கும் குழப்பம் தராது. அரிசி கொடுத்தால் அரிசி போய்ச் சேரும். இரண்டாவதுதான் கேள்வி எழுப்பும். 80 ரிங்கிட் கொடுத்துப் பாட்டு கேட்டால், அதில் எத்தனை ரிங்கிட் வெள்ளத்தில் வீட்டுச் சாமான் இழந்தவரிடம் போய்ச் சேருகிறது? எப்போது சேருகிறது? நாளைக்கு செலாயாங்கில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடத்தணும்னா என்னென்ன தேவை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஓபரா கலான்னா என்ன?

ஓபரா என்பது இசை நாடகம். கதை முழுவதும் பாட்டிலேயே நகரும். 1600ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உருவெடுத்த கலை அது. நம் ஊருக்கும் இது அந்நியமல்ல. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் வளர்ந்த பங்சாவானை அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகள் 'மலாய் ஓபரா' என்றே அழைத்தன. சீனர் கோயில் திருவிழாக்களில் கூடாரம் போட்டு ஆடும் சீன ஓபராவை நீங்கள் நேரிலேயே பார்த்திருக்கலாம். தமிழில் சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த இசை நாடகம் அதே குடும்பத்துச் சொந்தம்தான்.

முழு ஓபரா போடுவது செலவு பிடித்த வேலை. உடை, மேடை அமைப்பு, கோரஸ், இசைக்குழு, மாதக்கணக்கில் ஒத்திகை எல்லாம் வேண்டும். அதனால் நிதி திரட்டுபவர்கள் 'கலா' என்ற சுருக்கு வழியைப் பிடிப்பார்கள். பல ஓபராக்களிலிருந்து புகழ்பெற்ற தனிப்பாடல்களை மட்டும் எடுத்து, நாலைந்து பாடகர்களும் ஒரு பியானோவும் வைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு. மலேசிய பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் இசைப் படைப்புக்கு, அதை எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் பாதுகாப்பு. வெர்டி இறந்தது 1901இல், புச்சினி இறந்தது 1924இல். அவர்களுடைய பாடல்களைப் பாட யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். அதே மேடையில் இளையராஜா பாட்டு ஒன்று பாடினால், இசை உரிமத்தை கவனிக்கும் அமைப்பிடம் முறைப்படி அனுமதி வாங்கித்தான் ஆகணும்.

பாட்டுப் பாடி நிவாரணம் திரட்டுவது எப்போது தொடங்கியது?

நன்றாகப் பதிவான பழைய உதாரணம் 1742 ஏப்ரல் 13. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹேண்டல் தனது 'மெசாயா'வை முதன்முதலாக அரங்கேற்றினார். அது ஓபரா மாதிரியே பாடப்படும், ஆனால் நடிப்பும் வேடமும் இல்லாத ஒரேட்டோரியோ. வருமானம் இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களுக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. சுமார் 400 பவுண்ட் திரண்டது. 142 கடன் கைதிகள் வெளியே வந்தார்கள்.

அந்த நிகழ்ச்சியில் ஒரு சுவாரஸ்யமான விஷயம். பெண்கள் வளையம் வைத்த பாவாடை அணிய வேண்டாம், ஆண்கள் வாள் கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். காரணம் எளிது: இடம் மிச்சமானால் இன்னும் நூறு பேர் உட்காரலாம். 700 பேர் நெருக்கி உட்கார்ந்து கேட்டார்கள். நாற்காலிக் கணக்குதான் நிவாரணக் கணக்கு என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ சிட்டியை நிலநடுக்கம் தாக்கியது. புகழ்பெற்ற ஓபரா பாடகர் பிளாசிடோ டொமிங்கோவின் மாமா, அத்தை உள்ளிட்ட உறவினர்கள் ஓர் அடுக்குமாடி இடிந்து இறந்தார்கள். அவர் மேடையை விட்டுவிட்டு இடிபாடுகளில் மீட்பு வேலையில் இறங்கினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு முழுவதும் பாதிக்கப்பட்டவர்களுக்காக நிதிக் கச்சேரிகள் செய்தார்.

நம் பக்கம் எம்.எஸ். சுப்புலட்சுமியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1944இல் கஸ்தூர்பா காந்தி நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் எத்தனையோ அறப்பணிகளுக்காகப் பாடினார். 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது இசைக்காக அல்ல, பொதுச் சேவைக்காக.

மலேசியாவில்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பினாங்கிலும் கெடாவிலும். 2005 மார்ச் 18 அன்று கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் 'ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்' என்ற நிவாரண இசை நிகழ்ச்சி நடந்தது. பிளாக் ஐட் பீஸ், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், ஜாக்கி சான் போன்றவர்கள் கலந்துகொண்டார்கள். சுனாமிக்கும் அந்த மேடைக்கும் இடையில் 82 நாட்கள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், மீண்டும் இதற்கு வருவோம்.

'நிதி திரட்டும் விழா' என்று எழுதியிருந்தாலே நிவாரணம் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதும் முக்கியம். 2018 ஜனவரி 6 அன்று ரஜினி, கமல் உட்பட தமிழ்த் திரையுலகமே புக்கிட் ஜாலிலுக்கு வந்த நட்சத்திர விழா, தென்னிந்திய நடிகர் சங்கத்தின் கட்டடத்துக்காக நடந்தது. அது தவறில்லை. எதற்காக என்பதை டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துகொண்டால் போதும்.

நல்ல மனசு மட்டும் போதாதா?

போதாது. இதற்கு உலகமே படித்த பாடம் 1971இல் நடந்தது.

1970 நவம்பரில் போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை அழித்தது. குறைந்தது 3 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பீடு. அடுத்த ஆண்டு போர் வெடித்து லட்சக்கணக்கானோர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். சித்தார் கலைஞர் ரவிசங்கர் தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் பார்த்தார்கள். டிக்கெட் வசூல் கிட்டத்தட்ட 2.5 லட்சம் டாலர். அது யுனிசெஃப்புக்குப் போனது.

அதைவிடப் பல மடங்கு பணம் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்தது. சிக்கல் அங்கேதான். நிகழ்ச்சியை அறப்பணியாக முன்கூட்டியே பதிவு செய்து வரிவிலக்கு வாங்க அமைப்பாளர்கள் தவறிவிட்டார்கள். விளைவு, அமெரிக்க வரித்துறையின் பிடியில் பெரும் பகுதி சுமார் பத்து ஆண்டுகள் முடங்கியது. 1985க்குள் மொத்தம் 1.2 கோடி டாலர் அளவுக்கு வங்காளதேசம் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. ஆனால் 1971இல் பசித்த குழந்தைக்கு 1980களில் வந்த காசு என்ன செய்யும்?

அங்கே யாரும் திருடவில்லை. ஒரு விண்ணப்பம் நேரத்துக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

சரி, செலாயாங்கில் நடத்தணும்னா என்னென்ன அனுமதி?

செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை கோம்பாக் மாவட்டத்தில் ரவாங், பத்துமலை வரை விரிந்தது. மலையடிவாரமும் ஆறும் அடுக்குமாடியும் கலந்த பகுதி. வெள்ளமும் மண்சரிவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16இல் ரவாங்குக்கு வடக்கே பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். ஆகவே இங்கே ஒரு நிவாரணக் கலைவிழாவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. முறை தெரிந்தால் போதும்:

• அமைப்பாளர் யார்? சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற சங்கமாகவோ, பதிவு பெற்ற அறநிறுவனமாகவோ இருக்க வேண்டும். நாலு நண்பர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு போதாது. குழுவிடம் ஆர்வம் இருந்தால், பதிவு பெற்ற ஓர் அமைப்போடு சேர்ந்து நடத்தலாம்.

• கேளிக்கை உரிமம். சிலாங்கூரில் பொது நிகழ்ச்சிக்கான உரிமத்தை அந்தந்த ஊராட்சி மன்றம்தான் தரும். செலாயாங் என்றால் நகராண்மைக் கழகம்.

• கேளிக்கை வரி. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நுழைவுக் கட்டணத்தில் 25 விழுக்காடு வரை வரி வரலாம். இது மாநில அரசின் வருமானம். அறப்பணி என்று சொல்லி விலக்கு கேட்கலாம், ஆனால் அது தானாக வராது. முன்கூட்டியே விண்ணப்பிக்கணும்.

• வெளிநாட்டுப் பாடகர் வந்தால், தகவல் தொடர்பு அமைச்சின் கீழ் இயங்கும் புஸ்பால் அமைப்பின் அனுமதி தேவை. உள்ளூர்ப் பாடகர்களுக்கு இது வேண்டாம்.

• உண்டியல். மண்டபத்துக்கு வெளியே, பசாரில், கோயில் வாசலில், வீடு வீடாக நன்கொடை கேட்க 1947ஆம் ஆண்டு வீடு வீடான, தெருவோர வசூல் சட்டத்தின் கீழ் போலீஸ் உரிமம் வேண்டும். மாணவர்கள் டப்பா ஏந்தி நிற்கும்போது பெரும்பாலும் மறந்துபோவது இதுதான்.

அரங்கையும் யோசிக்க வேண்டும். ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பாடப் பழகியவர்கள். கேஎல்சிசியில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கம் அதற்காகவே கட்டப்பட்டது. நம் வட்டாரப் பொது மண்டபங்கள் கல்யாணத்துக்கும் பூப்பந்துக்கும் கட்டப்பட்டவை. எதிரொலி இருக்கும், ஏர்கான் சத்தம் இருக்கும். மைக் வாடகைக்கு எடுக்காமல் ஒப்பேற்ற முடியாது.

80 ரிங்கிட் எப்படிப் பிரியும்?

இது ஒரு மாதிரிக் கணக்கு. எந்த நிகழ்ச்சியின் உண்மைக் கணக்கும் அல்ல. கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட மட்டும்.

600 இருக்கை, ஒரு டிக்கெட் 80 ரிங்கிட். அரங்கம் நிறைந்தால் வசூல் 48,000 ரிங்கிட். செலவு:

• மண்டபம், ஏர்கான்: 5,000
• ஒலி, ஒளி: 9,000
• பியானோ வாடகை, சுருதி சேர்த்தல்: 2,500
• கலைஞர்களின் பயணம், தங்குமிடம் (சம்பளம் வாங்காவிட்டாலும் இது உண்டு): 4,000
• அச்சு, இணைய டிக்கெட் கட்டணம், காப்புறுதி, தண்ணீர்: 2,500

மொத்தம் 23,000. மிச்சம் 25,000 ரிங்கிட். உங்கள் 80 ரிங்கிட்டில் சுமார் 42 ரிங்கிட் நிவாரணத்துக்குப் போகிறது.

இப்போது பாதி அரங்கம்தான் நிறைந்தது என்று வைத்துக்கொள்வோம். வசூல் 24,000. ஆனால் மண்டப வாடகை பாதியாகாது, பியானோ பாதியாகாது. செலவு அதே 23,000. மிச்சம் 1,000 ரிங்கிட். 300 பேர் வந்து கைதட்டிப் போன ஓர் இரவின் பலன், ஒரு குடும்பத்துக்கான உதவித் தொகை. அந்த 300 பேரும் வீட்டிலிருந்தே ஆளுக்கு 10 ரிங்கிட் அனுப்பியிருந்தால் மூன்று மடங்கு சேர்ந்திருக்கும்.

இதை உடைக்கும் வழி ஒன்றுதான்: செலவை டிக்கெட் பணத்திலிருந்து எடுக்காமல் இருப்பது. இதற்கு நம் நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. சீனப் பள்ளிகளுக்கு நிதி திரட்ட 1987இல் கார்ல்ஸ்பெர்க் தொடங்கிய 'டாப் டென்' கலைநிகழ்ச்சிகளில் நடத்தும் செலவை நிறுவனமே ஏற்கும். மக்கள் தரும் நன்கொடை அப்படியே பள்ளிக்குப் போகும். நிறுவனம் எதுவாக இருந்தாலும் முறை இதுதான். நம் மாதிரிக் கணக்கில் ஆதரவாளர் 23,000 ரிங்கிட்டை ஏற்றுக்கொண்டால், பாதி அரங்கம் நிறைந்தாலும் 24,000 முழுதாக நிற்கும். பெரிய நட்சத்திரத்தைத் தேடுவதற்கு முன்னால் மண்டப வாடகை கட்டுகிறவரைத் தேடுவது நல்லது.

அந்தப் பணத்தால் எவ்வளவு சாதிக்க முடியும்?

2021 டிசம்பர் நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்தின் சராசரி மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். 2021 வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அதன் முன்னால் 25,000 ரிங்கிட் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அதனால்தான் எங்கே போடுவது, எப்போது போடுவது என்ற கேள்வி வருகிறது.

வெள்ளத்துக்குப் பிந்தைய தேவைகள் மூன்று கட்டமாக வரும். முதல் மூன்று நாட்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், காய்ந்த துணி, மருந்து. இதைக் கோயில், சூராவ், குருத்வாரா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்து கவனித்துவிடுகிறார்கள். 2021இல் 'கித்தா ஜாகா கித்தா' என்று இளைஞர்கள் படகு தேடி ஓடியது இந்தக் கட்டத்தில்தான். அடுத்த சில வாரங்களில் சேறு வாருவது, மெத்தை, அடுப்பு. இதற்கும் ஆள் வரும். அரசு உதவியும் வர ஆரம்பிக்கும். 2021 வெள்ளத்தில் குடும்பத் தலைவருக்கு 1,000 ரிங்கிட் வாங் இஹ்சான் கொடுக்கப்பட்டது. சிலாங்கூர் மாநில அரசு தன் பங்குக்கு இன்னொரு 1,000 ரிங்கிட் கொடுத்தது.

மூன்றாவது கட்டம் மாதக்கணக்கில் நீளும். கேமராக்கள் போய்விடும், தன்னார்வலர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நனைந்த வயரிங் மாற்றணும். தண்ணீர் புகுந்த மோட்டார் சைக்கிள் ஓடாமல் உணவு விநியோகம் செய்பவரின் வருமானம் நின்றுபோயிருக்கும். வீட்டிலேயே தைத்துப் பிழைப்பவரின் தையல் மெஷின் துருப்பிடித்திருக்கும். உதவித் தொகை குடும்பத் தலைவர் பெயரில் வருவதால், ஒரே வீட்டில் அறை வாடகைக்கு இருந்த இன்னொரு குடும்பம் விடுபட்டுப் போகலாம்.

இங்கேதான் அந்த 82 நாட்கள். மண்டபம் பிடித்து, அனுமதி வாங்கி, டிக்கெட் விற்று ஒரு நிகழ்ச்சியை மேடையேற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்தப் பணம் முதல் வாரத்தின் சாப்பாட்டுக்கு உதவாது. மூன்றாவது மாதத்தின் வயரிங்குக்கும் தையல் மெஷினுக்கும் சரியாக வந்து சேரும். 'அவசர உதவிக்கு' என்று மட்டும் போஸ்டரில் போடும் அமைப்பாளர் நல்லவராக இருக்கலாம், ஆனால் தன் பணம் எப்போது கைக்கு வரும் என்று யோசிக்காதவர். 'இத்தனை வீடுகளுக்கு வயரிங், இத்தனை மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு' என்று எழுதுபவர் யோசித்திருக்கிறார்.

டிக்கெட் வாங்குவதற்கு முன் என்ன கேட்கலாம்?

• யார் பெயரில் கணக்கு? டுயிட்நவ் கியூஆர் ஸ்கேன் செய்தால் பணம் போகும் முன் பெறுநரின் பெயர் திரையில் வரும். அமைப்பின் பெயர் வரவில்லை, தனிநபர் பெயர் வருகிறது என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால், அதன் மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997 எண்ணை அழையுங்கள்.

• செலவை யார் ஏற்கிறார்கள்? 'வசூல் முழுவதும்' என்பதும் 'லாபம் முழுவதும்' என்பதும் ஒன்றல்ல. லாபம் என்றால் செலவு போக மிச்சம். அது 25,000 ஆகவும் இருக்கலாம், 1,000 ஆகவும் இருக்கலாம்.

• வரிவிலக்கு ரசீது உண்டா? வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பண நன்கொடையை, மொத்த வருமானத்தின் 10 விழுக்காடு வரை கழிக்கலாம். அங்கீகாரம் உண்டா என்று உள்நாட்டு வருமான வாரியத்தின் இணையதளத்தில் தேடலாம். பாட்டும் விருந்தும் பெற்றுக்கொண்டு கட்டிய டிக்கெட் தொகை நன்கொடையாகக் கணக்கில் வருமா என்பதை அமைப்பாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

• பணம் யாருக்கு, எந்தத் தேதிக்குள்? கணக்கு எங்கே வெளியாகும்? நிகழ்ச்சி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வரவு செலவை வெளியிடுவோம் என்று இப்போதே சொல்லத் தயங்குபவரிடம் டிக்கெட் வாங்க நீங்களும் தயங்கலாம்.

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவா?

நம் சமூகத்தில் இது உண்மையான தயக்கம். அமைப்பாளர் தெரிந்த அங்கிளாக இருப்பார், கோயில் தலைவராக இருப்பார், பள்ளி ஆசிரியராக இருப்பார். 'நல்ல காரியத்துக்குப் போய்க் கணக்குக் கேட்கிறான்' என்ற பேச்சு வரும். ஆனால் ஒழுங்காக நடத்துபவருக்கு இந்தக் கேள்விகள் சுமையல்ல. பதில்கள் ஏற்கெனவே அவர் கோப்பில் இருக்கும். ஒரு நிகழ்ச்சியின் கணக்கு மறைந்துபோனால் நஷ்டம் அந்த அமைப்பாளருக்கு மட்டுமல்ல. அடுத்த வெள்ளத்தில் நேர்மையாக உண்டியல் ஏந்துபவரைப் பார்த்தும் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நீங்கள் டிக்கெட் வாங்குபவராக இல்லாமல் மேடையில் பாடுபவராகவோ வாசலில் நிற்கும் தன்னார்வலராகவோ இருந்தால், இந்தக் கேள்விகளை உங்களிடம்தான் முதலில் கேட்பார்கள். பதிலைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள். நிகழ்ச்சிக்குப் போக முடியாவிட்டால் டிக்கெட் விலையை நேராக நன்கொடையாகவே அனுப்பிவிடலாம். போக முடிந்தால், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாற்காலியும் நிவாரணத்திலிருந்து 80 ரிங்கிட்டைக் குறைக்கிறது.